கான்ட்ரா, தவளை, நிஞ்சா, பிரின்ஸ்: முடிக்காம விட்டதுல எத இப்ப முடிக்கலாம்?

கான்ட்ராதான் இருக்கறதுலயே கஷ்டமான கேம்னு இன்னைக்கும் சத்தியம் பண்றவங்க நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நெறைய பேர் இருக்காங்க. கோவிச்சிக்காதீங்க, நான் இங்க பேசப்போற கேம் எல்லாத்துலயும் ஈசி அதுதான். நம்ம வீட்ல அது முடியாம போனதுக்கு பாதி காரணம் கரண்ட்டு, மீதி காரணம் ரெண்டாவது பேடு புடிச்சவன்.

எங்க சித்தப்பா பையன் ஓசூர்ல வேலைல இருக்கான், ஊருக்கு வந்தா இதே சண்டை. "அண்ணா, பேட்டில்டோட்ஸ், அதான் அந்த தவளை கேமு, அதுல மூணாவது லெவல தாண்டுன ஒரே ஒருத்தன காட்டுங்க, அப்புறம் பேசலாம்"பான். நான் நிஞ்சா கெய்டன் கட்சி. எங்க மாமா அந்த காலத்துல பஸ் ஸ்டாண்டு பக்கத்து கம்ப்யூட்டர் சென்டர்லயே பழியா கெடந்தவரு, அவரு "ரெண்டு பேரும் சும்மா இருங்கடா, பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவ முடிச்சவன் எவன்டா இந்த ஊர்ல"ன்னு வந்து உக்காருவாரு. இப்ப எல்லாமே போன்லயே ஓடுது, அதனால எது கஷ்டம்னு சண்டை போடறத விட எது நம்மள எப்படி தோக்கடிக்குதுன்னு பாத்தா, முப்பது வயசு தாண்டுன கையோட எதுக்கு மெனக்கெடலாம்னு தெரிஞ்சிடும்.

இந்த கேமெல்லாம் ஏன் இப்படி சாகடிக்குதுன்னா சைஸ்தான் காரணம். கான்ட்ரா கேசட்டு மொத்தமே 128 கேபி, வாட்ஸ்அப்ல வர்ற குட் மார்னிங் படம் ஒன்னு அந்த அளவு வரும். அதுக்குள்ள 8 ஸ்டேஜ், தெரிஞ்சவன் ஆடுனா அரை மணி நேரத்துல ஆட்டம் க்ளோஸ். அரை மணி நேர கேம காசு குடுத்து வாங்குனவன் மாசக்கணக்குல ஆடணும்னா அவன திரும்ப திரும்ப கொல்றத தவிர வேற வழி கெடையாது. அதுலயும் அமெரிக்காவுல கேசட்ட வாடகைக்கு விடற கடைங்க இருந்துச்சு, சனி ஞாயிறுக்கு எடுத்துட்டு போய் முடிச்சிட்டா அப்புறம் எவன் விலை குடுத்து வாங்குவான், அதனால சில கம்பெனிங்க இன்னும் கொஞ்சம் முறுக்கி விட்டாங்க.

நமக்கு வந்ததோ டூப்ளிகேட் செட்டு, கூட புக்கு கெடையாது, கேசட் மேல 9999 இன் 1னு போட்டிருக்கும் உள்ள பாத்தா அதே பத்து கேமு வேற வேற பேர்ல. அட்வென்ச்சர் ஐலண்ட் ஞாபகம் இருக்கா, தொப்பி போட்டுட்டு கோடாரி வீசிட்டு பழம் தின்னுட்டே ஓடுவானே, அதுல முதல் ரவுண்டு கடைசில ஒளிஞ்சிருக்கற தேனீய எடுத்தாதான் கன்டினியூவே, அதாவது லைஃப் தீந்தாலும் விட்ட எடத்துலேர்ந்து தொடர்றது, வேலை செய்யும். 32 ரவுண்டு கேமு அது. தேனீ விஷயம் தெரியாமலே ஒரு தலைமுறை மொத்தமும் திரும்ப திரும்ப முதல்லேர்ந்து ஓடிட்டு இருந்துச்சு.

சரி, கான்ட்ரா. ஆர்கேட்ல, அதாவது காசு போட்டு ஆடற மெஷின்ல 1987, நம்ம டிவி கேம்ல வந்தது 1988. ஒரு குண்டு பட்டா ஒரு லைஃப் காலி, மொத்தம் மூணு லைஃப். மேல மேல கீழ கீழ இடது வலது இடது வலது பி ஏ, அப்புறம் ஸ்டார்ட், 30 லைஃப். இந்த கோடு கான்ட்ராவுக்குன்னு வந்தது இல்ல, 1986ல கிராடியஸ் கேம டிவி கேமுக்கு மாத்துன கொனாமி ஆளு கசுஹிசா ஹாஷிமோட்டோ, தன்னாலயே அந்த கேம ஆட முடியலன்னு டெஸ்ட் பண்றதுக்காக உள்ள போட்டது, எடுக்காம அப்படியே வெளிய வந்துடுச்சு. பண்ணவருக்கே முடியலன்னா நாம எதுக்கு வெக்கப்படணும்.

ஆனா கோடு இல்லாமலே கான்ட்ராவ முடிக்கலாம், அதான் என் வாதம். நின்னு சுடற எதிரி எங்க இருப்பான்ங்கறது அச்சடிச்ச மாதிரி ஒரே இடம், குண்டு விரிஞ்சு போற எஸ் துப்பாக்கிய எடுத்துட்டு சாகாம காப்பாத்திக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. ஹேங்கர்ங்கற ஸ்டேஜ்ல அந்த முள்ளு செவுரும் மேலேர்ந்து எறங்கற கொக்கியும் மட்டும்தான் நெஜமாவே படுத்தும். ரெண்டு பேரா ஆடுனாதான் பிரச்சனையே. மூணாவது ஸ்டேஜ் அருவில ஒருத்தன் வேகமா மேல குதிச்சான்னா ஸ்க்ரீன் அவன் கூடவே ஏறிடும், கீழ நிக்கிறவன் சும்மா நின்ன எடத்துலயே செத்தான். மாங்கா சீசன்ல கிருஷ்ணகிரி பக்கம் லீவுக்கு கூடுன அண்ணன் தம்பிங்க இந்த அருவியால பேச்சு நின்னு போன கதை வீட்டுக்கு ஒன்னு இருக்கும். அதான் சொல்றேன், கான்ட்ரா நியாயமான கேமு, கூட ஆடறவன்தான் அநியாயம்.

பேட்டில்டோட்ஸுக்கு வருவோம். ரேர் கம்பெனி, 1991. முதல் ரெண்டு லெவல் ஜாலி, தவளைங்க கை பெருசாகும் கொம்பு மொளைக்கும், சிரிச்சிட்டே ஆடலாம். மூணாவது டர்போ டனல். அந்த பறக்கற வண்டில ஏறுனதும் செவுரு வரும், மேல கீழ மேல கீழ, போகப்போக வேகம் ஏறி கடைசில செவுரு வர்றது கண்ணுல தெரியறதுக்குள்ள வண்டி மோதிடும். இங்க திறமைன்னு ஒன்னும் கெடையாது, பாட்டு மனப்பாடம் பண்றாப்ல அந்த வரிசைய ஒப்பிக்கணும், அவ்ளோதான். சித்தப்பா பையன் கட்சி ஜெயிக்கறதும் இங்கதான் தோக்கறதும் இங்கதான், ஏன்னா மூணாவது லெவலோட நின்னவன் எல்லாம் அதுதான் கேமோட உச்சம்னு நெனச்சிட்டிருக்கான், மொத்தம் 12 லெவல்! ஆறாவதுல பாம்பு மேல தொத்திட்டு ஏறணும், பத்தாவதுல எலி கூட ஓட்டப்பந்தயம், அதுக்கப்புறம் வர்ற சக்கர வண்டி லெவல்ல கண் இமைச்சா போச்சு. எல்லாமே மனப்பாடம்தான், ஆனா ஒவ்வொன்னுக்கும் புதுசா ஒரு மனப்பாடம், மூணாவதுல கத்துக்கிட்டது நாலாவதுக்கு உதவாது. கன்டினியூ மூணே மூணு.

ரெண்டு பேரா ஆடலாம்னு நெனச்சீங்கன்னா இன்னொரு கூத்து இருக்கு. ஒருத்தன் அடி இன்னொருத்தன் மேல படும், ஒருத்தன் லைஃப் மொத்தம் தீந்தா ரெண்டு பேருமே லெவல் ஆரம்பத்துக்கு போகணும். இதெல்லாம் தாண்டி 11வது லெவலுக்கு வந்தாலும் அமெரிக்க கேசட்ல ரெண்டாவது பேடு அங்க வேலையே செய்யாது. செட்டு ரிப்பேர்னு நெனைக்க வேணாம், கேமுக்குள்ளயே இருக்கற பக் அது. அதாவது ரெண்டு பேரா சேந்து முழுசா முடிக்கறதுக்கு அந்த கேசட்ல வழியே கெடையாது, அண்ணன் தம்பி எவ்ளோ ஒத்துமையா இருந்தாலும். ஜப்பான்ல விட்டப்ப கேமயே கொஞ்சம் எளிமையாக்கித்தான் விட்டாங்க, அப்ப பாத்துக்கோங்க.

நிஞ்சா கெய்டன் வேற ரகம். டெக்மோ கம்பெனி, ஜப்பான்ல 1988 டிசம்பர். கன்டினியூ எவ்ளோ வேணாலும் பண்ணிக்கலாம், கேக்க தாராளமா இருக்குல்ல? அடி பட்டா உயிர் போகாது, கொஞ்சம் பின்னாடி தூக்கி போடும், அவ்ளோதான். ஆனா எல்லா எதிரியையும் கரெக்டா குழிக்கு முன்னாடிதான் வச்சிருக்கான். அந்த பருந்து, அத திட்டாத ஆளே இல்ல, குதிச்சு நடு வானத்துல இருக்கறப்ப வந்து மோதும், பின்னாடி தூக்கி போடும், கீழ குழி. சரி அத கொன்னுட்டு போலாம்னா, ஒரு அடி பின்னாடி வச்சு திரும்ப முன்னாடி வந்தா அதே பருந்து அதே எடத்துல புதுசா பொறந்திருக்கும். அதனால இந்த கேம்ல பயந்து பின்வாங்குனவன் செத்தான், ஓடிட்டே குதிச்சிட்டே வெட்டிட்டே போறவனுக்கு வழி விடும். புரிஞ்சதுக்கப்புறம் அந்த ஓட்டத்துல ஒரு ருசி இருக்கு பாருங்க, பேட்டில்டோட்ஸ்ல அது கெடைக்காது.

கொடுமை என்னன்னா ஆறாவது ஆக்ட். 6-2லயே, அதாவது அதோட ரெண்டாவது பகுதிலயே, பாதி பேர் பேட தூக்கி போட்டிருப்பாங்க, அதையும் தாண்டி கடைசி பாஸ்கிட்ட, அதான் அந்த பெரிய வில்லன்கிட்ட போய் செத்தா திரும்ப 6-1க்கு தூக்கி அடிப்பான். ரூம் வாசல்ல கூட விடமாட்டான், மொத்த ஆக்டும் முதல்லேர்ந்து. அதனால பாஸ் எப்படி அடிப்பான்னு கத்துக்கறதுக்கே ஒவ்வொரு தடவையும் அவ்ளோ தூரம் வரணும். முடியாதவன் திறமை இல்லாதவன்னு நான் சொல்ல மாட்டேன், ராத்திரி பத்து மணிக்கு கரண்ட்டு போற ஊர்ல இத எவன் முடிப்பான்.

கோஸ்ட்ஸ் அன் காப்ளின்ஸ் பத்தி சுருக்கமா: கேப்காம் கம்பெனி, 1985, முதல் அடில கவசம் போய் ஹீரோ ஜட்டியோட நிப்பான், ரெண்டாவது அடில எலும்புக்கூடு. குதிச்சதுக்கப்புறம் காத்துல திசை மாத்த முடியாது. வழில தெரியாத்தனமா தீப்பந்தத்த எடுத்துட்டா அந்த லைஃப தண்ணி தெளிச்சு விட்டுடலாம். எல்லாம் முடிச்சு இளவரசிய பாக்க போனா இதெல்லாம் பொய் மாயம், திரும்ப முதல்லேர்ந்து இன்னொரு தடவை முடின்னு சொல்லி அனுப்புவான். நான் இத வம்புக்கு செஞ்சதுன்னுதான் எடுத்துக்கறேன், யாருக்கும் சிபாரிசு பண்ண மாட்டேன். முஸ்தபாவ நான் இந்த கணக்குலயே சேக்கல, நிஜப்பேரு கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ், 1993, 8 ஸ்டேஜ், கைல டோக்கன் இருக்கற வரைக்கும் அது முடியற கேமு. அது தோக்கடிச்சது நம்ம கைய இல்ல, டவுசர் பாக்கெட்ட.

மாமாவோட பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாதான் எனக்கு கடைசில மதிப்பு கூடுன கேமு. ஜோர்டன் மெக்னர்ங்கற ஒரே ஆளு பண்ணது, 1989ல ஆப்பிள் டூ கம்ப்யூட்டருக்கு, நமக்கு வந்தது டாஸ் வெர்ஷன். அந்த நடை, ஓட்டம், தொங்கி ஏறறது எல்லாம் தன் தம்பிய ஓட விட்டு வீடியோ எடுத்து அத பாத்து வரைஞ்சது, அதனாலதான் குழில விழறப்ப நமக்கே அடிவயிறு கலங்குது. 12 லெவல், 60 நிமிஷம், அதுக்குள்ள இளவரசிய காப்பாத்தணும். எத்தன தடவை வேணா சாகலாம், அதே லெவல் ஆரம்பத்துலேர்ந்து திரும்ப ஆடலாம், ஆனா கடிகாரம் மட்டும் நிக்காது. கம்ப்யூட்டர் சென்டர்ல மணிக்கணக்குக்கு காசு, கேமுக்குள்ளயும் ஒரு மணி நேரம், மாமா சொல்வாரு உள்ள இளவரசிக்கு டைம் முடியறதும் வெளிய சென்டர்காரரு "தம்பி எந்திரி"ங்கறதும் ஒன்னா நடக்கும்னு. கன்ட்ரோல் ஜி அமுத்துனா மூணாவது லெவல்லேர்ந்து சேவ் பண்ணலாம்னு அப்ப எவனும் சொல்லித்தரல. பிரின்ஸ் மெகாஹிட்னு டைப் பண்ணி உள்ள போற வித்தை மட்டும் எப்படியோ பரவிடுச்சு, அதுல ஷிஃப்ட் எல் அமுத்தி கடைசி லெவல் வரைக்கும் தாவிட்டு முடிச்சேன்னு சொன்னவங்கதான் பாதி பேரு.

இதோட கஷ்டத்துல புத்தி இருக்கு, அதான் வித்தியாசம். எட்டாவது லெவல்ல கதவு மூடிக்கும், போக்கிடமே இருக்காது, மாட்டிக்கிட்டோம்னு லெவல திரும்ப ஆரம்பிப்போம், சும்மா கொஞ்ச நேரம் நின்னா இளவரசி அனுப்புன எலி வந்து பட்டன மிதிச்சு கதவ தொறந்து விடும். பன்னெண்டாவதுல நம்ம நிழலே கத்தியோட வரும், அத வெட்டுனா நமக்குதான் ரத்தம் போகும், கத்திய உள்ள வச்சிட்டு நேரா அது மேலயே நடந்து போகணும். யோசிச்சா கெடைக்கற விடைங்க இதெல்லாம், மனப்பாடம் தேவையில்ல, ஆனா யோசிக்கற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் அந்த 60ல கழியும்.

அப்ப என் தீர்ப்பு: ஒத்தையா உக்காந்து ஒரே ஒரு கேம முடிக்கணும்னா பிரின்ஸ், சேவ் ஸ்டேட் (போன்ல எந்த எடத்துலயும் நிறுத்தி சேவ் பண்ணிக்கற வசதி) இல்லாம, கேமுக்குள்ளயே இருக்கற சேவ மட்டும் வச்சு. கை இன்னும் ஓடுதுன்னு நம்பிக்கை இருந்தா நிஞ்சா கெய்டன், அதுல கடைசி பாஸ் ரூம் வாசல்ல மட்டும் ஒரு சேவ் ஸ்டேட் போட்டுக்கோங்க, யாரு என்ன சொன்னாலும் அது ஏமாத்து இல்ல. பேட்டில்டோட்ஸுக்கு ரீவைண்ட தாராளமா அமுத்துங்க, பின்னாடி லெவலெல்லாம் ஒரு தடவை கண்ணால பாத்தா போதும். ரெண்டு பேரா உக்கார்றதுன்னா கான்ட்ராதான், கோடு போடாம, ஆனா அருவிக்கு முன்னாடியே யாரு முன்னாடி ஏறறதுன்னு பேசி முடிச்சிடுங்க. சித்தப்பா பையன் இதையும் ஒத்துக்க மாட்டான், மூணாவது லெவல தாண்டிட்டு வந்து சொல்லட்டும்.