லட்டானோபிராஸ்ட் சொட்டு மருந்து: ஒற்றைக் கண்ணில் மூன்று மாதம்

33 வருடம் மாடு, ஆடு, நாய் என்று வாயில்லா ஜீவன்களைப் பார்த்த கால்நடை மருத்துவன் நான். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் பதில் வராத தொழில். ஓய்வு பெற்ற பிறகு கண்ணாடி மாற்றப் போன இடத்தில், என் வலது கண்ணும் அந்த ஜாதிதான் என்று தெரிந்தது. கண்ணுக்குள் அழுத்தம் 27 மி.மீ. பாதரசம். இடதில் 20. வலி இல்லை, சிவப்பு இல்லை, பேப்பர் நன்றாகவே படித்துக்கொண்டிருந்தேன். பார்வைப் புலப் பரிசோதனையில் மட்டும் வலது கண்ணின் மேல் மூலையில் ஒரு பிறை அளவுக்குக் காணாமல் போயிருந்தது. கிளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா.

எனக்கு இழுப்பு உண்டு என்பதால், மூச்சுக்குழாயை இறுக்கக்கூடிய டிமோலால் என்ற சொட்டு வேண்டாம் என்று அப்போதே முடிவாகிவிட்டது. தினம் ராத்திரி வலது கண்ணில் மட்டும் லட்டானோபிராஸ்ட் 0.005 சதவீதம், ஒரே ஒரு சொட்டு. இடது கண்ணுக்கு ஒன்றும் இல்லை. ஆராய்ச்சிக்காரர்கள் வாயில் சொன்னால், அது மருந்து கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் என் கண்ட்ரோல் குழு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மருந்து வேலை செய்கிறது. 6 வாரம் கழித்துப் பார்த்தபோது 27 என்பது 18 ஆகியிருந்தது. கண்ணுக்குள் ஊறும் நீர் வடிய ஒரு வழக்கமான வடிகால் இருக்கிறது. அது சரியாக வடியாதபோது இந்த மருந்து பக்க வாய்க்காலைத் திறந்துவிடுகிறது, தசை நார்களுக்கு நடுவே நீர் கசிந்து போகிறது. வயல்காட்டில் வளர்ந்தவனுக்கு இது சட்டென்று புரியும்.

இதன் பூர்வீகமும் எங்கள் பக்கம்தான். இந்த மருந்து புரோஸ்டாகிளாண்டின் என்ற, உடம்பு தானே சுரக்கும் ரசாயனத்தின் வகை. அது கண்ணில் பட்டால் வீங்கும், அழுத்தம் ஏறும் என்றுதான் ஒரு காலத்தில் நம்பினார்கள். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த லாஸ்லோ பிட்டோவும் கூட்டாளிகளும் முயலிலும் குரங்கிலும் குறைந்த அளவில் விட்டுப் பார்த்தார்கள். அழுத்தம் இறங்கியது! அந்த வழியில் வந்த லட்டானோபிராஸ்ட்டுக்கு 1996-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதே சொட்டை நானே நாய்களுக்கு எழுதியிருக்கிறேன். காக்கர் ஸ்பேனியல் ஒன்று திடீரென்று கண் பிதுங்கி, முகத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு வரும். ஒரு சொட்டு விட்டால் கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி, கொஞ்ச நேரத்தில் அழுத்தம் இறங்கும். லென்ஸ் முன்பக்கம் நழுவியிருந்தால் மட்டும் இதைத் தொடக்கூடாது. பூனைக்கு விட்டால் கண்மணி சுருங்கும், அழுத்தம் பெரிதாக அசையாது. ஒரே சொட்டு, ஜீவனுக்கு ஜீவன் வேறு கணக்கு.

சரி, இப்போது குறைகள். என் புகார் பாட்டில் மேல்.

2.5 மில்லி பாட்டில், 400 ரூபாய் சொச்சம். ஏறக்குறைய 80 சொட்டு தேறும். திறந்த 4 வாரத்தில் தூக்கிப் போடச் சொல்லி அதிலேயே போட்டிருக்கிறது. ஒற்றைக் கண்காரன் 28 சொட்டு விட்டால் மீதி குப்பைக்கு. அதுவும் கெட்டி பிளாஸ்டிக். முதல் வாரம் அமுக்கி அமுக்கி, ஒன்று கன்னத்தில், ஒன்று தலையணையில். மாட்டுக்கு ஊசி போட்ட கைதான், தன் கண் என்றதும் நடுங்குகிறது. கீழிமையை இழுத்துப் பை மாதிரி வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்து விட வேண்டும். விட்ட பிறகு மூக்கோரம் இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டால் தொண்டைக்குள் இறங்காது. நான் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கிறேன். சில்லென்று பட்டால்தான் சொட்டு கண்ணில் விழுந்தது உறுதியாகிறது.

திறக்காத பாட்டிலை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும் என்று என் அட்டைப்பெட்டியில் தெளிவாக இருக்கிறது. இரண்டாவது பாட்டில் வாங்கிய மருந்துக்கடையில், மே மாத வெயிலில், டியூப்லைட்டுக்குப் பக்கத்து அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். கேட்டதற்கு "ஒண்ணும் ஆகாது சார்". திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடைக்குப் போனேன். தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் உருகினால் பதறிய ஆளிடமா இந்தப் பேச்சு?

பாட்டில் முனை இமையில் படக்கூடாது என்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 2023-இல் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர் மருந்து ஒன்றின் வழியே, மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் கிருமி பரவிச் சிலருக்குப் பார்வையே போனது, சிலர் இறந்தும் போனார்கள். அது தொழிற்சாலைத் தவறு, நம் கைத் தவறு இல்லை. ஆனாலும் கிருமிக்கு வழி ஒன்றுதான். இன்னொன்று, முன்பு எப்போதாவது கண்ணில் ஹெர்பஸ் புண் வந்திருந்தால் டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். இந்த மருந்து அதைக் கிளப்பிவிடக்கூடும். எனக்கு இருபது வருடத்துக்கு முன் வந்தது. யாரும் கேட்கவில்லை, நானே சொன்னேன். கொஞ்சம் சிவந்தாலும் அன்றே வரச் சொல்லிச் சீட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மற்றபடி காலையில் லேசான உறுத்தல். கண் நிறம் பழுப்பாகும் என்பார்கள், நம் கண்ணுக்கு அதில் புதிதாக என்ன ஆகப்போகிறது. இமை முடிதான் வேடிக்கை. வலது கண்ணில் மட்டும் நீண்டு கறுத்து வளைந்திருக்கிறது. முடிதிருத்துபவர் ஒரு நாள் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார், பண்பு கருதி ஒன்றும் கேட்கவில்லை.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் கண் அழுத்தத்தைக் குறைக்கும் லேசர் சிகிச்சையைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். 2019-இல் வெளிவந்த லைட் என்ற பிரிட்டன் ஆய்வில் 718 பேர். லேசர் செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு 3 வருடம் வரை சொட்டே தேவைப்படவில்லை. இதை நான் தாமதமாகத்தான் படித்தேன்.

போன திங்கட்கிழமை மூன்றாவது முறை பார்த்தார்கள். வலது 17. இடது 24. கண்ட்ரோல் குழுவைக் கலைத்தாயிற்று, இனி இரண்டு கண்ணுக்கும் சொட்டு. "அப்போ பாட்டில்ல பாதி வீணாகாது" என்றார் வீட்டுக்காரம்மா.