தினம் புழங்க எந்தப் பீங்கான்?

கனமான ஸ்டோன்வேர் (கல் போல இறுகச் சுட்ட களிமண்) தட்டைக் கையில் எடுத்ததுமே 'இது உழைக்கும்' என்று தோன்றிவிடும். பக்கத்தில் இருக்கும் மெல்லிய போன் சைனாவைத் தொடவே தயக்கமாக இருக்கும். ஆனால் புழக்கத்தில் விளிம்பு சீக்கிரம் மூளியாவது பெரும்பாலும் அந்தக் கனத்த தட்டுக்குத்தான்.

போன் சைனா கலவையில் வழக்கமாகப் பாதிக்குப் பாதி எலும்புச் சாம்பல். மீதி கயோலின் என்ற வெண்களிமண்ணும் சைனா ஸ்டோன் என்ற பாறைப் பொடியும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், இங்கிலாந்தின் ஸ்டோக்கில் ஸ்போட் குடும்பத்தார் நிலைநிறுத்திய கலவை இது. மெல்லியதாக வார்த்தாலும் உறுதி குறையாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பின்னாலிருக்கும் விரல்களின் நிழல் தெரியும். குறை மேற்பூச்சில் இருக்கிறது: கிளேஸைத் தனியாக, குறைந்த வெப்பத்தில் சுடுவதால் அது சற்று மென்மை. கத்தி பட்ட கோடுகள் நாளடைவில் தெரியும்.

கெட்டிப் போர்சலைனில் அந்தக் குறை இல்லை. 1710இல் தொடங்கிய ஜெர்மனியின் மைசன் ஆலை வழியில், தட்டின் உடலும் கிளேஸும் சேர்ந்தே 1400 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் வேகின்றன. அதனால் கீறல் எளிதில் விழாது. ஆனால் விளிம்பில் அடி தாங்குவதில் போன் சைனாவுக்கு ஒரு படி கீழேதான். வெண்மையிலும் வித்தியாசம் உண்டு: இதில் லேசாக நீலம் ஓடும், அதில் தந்தத்தின் இதம். எலும்பே வேண்டாம் என்கிற சைவர்களுக்கு, இந்த இரண்டில் போர்சலைன்தான் வழி.

ஸ்டோன்வேருக்கு அழகு உண்டு, மறுக்கவில்லை. 1809இல் தொடங்கிய இங்கிலாந்தின் டென்பி நிறுவனக் கிண்ணங்களில் சூடு நன்றாக நிற்கும். தட்டுகளை வாங்கும்போது மட்டும் கவிழ்த்துப் பாருங்கள். அடிவளையம் சொரசொரப்பாக இருந்தால், அடுக்கும்போது கீழ்த் தட்டைச் சுரண்டிவிடும். பளபளப்பில்லாத மேட் கிளேஸில் விழும் சாம்பல் நிறக் கோடுகள் பலவும் கீறல்களே அல்ல. முள்கரண்டியின் உலோகம் ஒட்டிக்கொண்டது. ஆக்சாலிக் அமிலம் சேர்ந்த தேய்ப்புப் பொடி போட்டால் போய்விடும்.

குறைந்த சூட்டில் சுடும் எர்த்தன்வேர் பார்வைக்கு, விசேஷத்துக்குச் சரி. கிளேஸ் விரிசல் விட்டால் உடல் தண்ணீரை இழுக்கும். பிறகு மைக்ரோவேவில் உணவைவிடத் தட்டு அதிகம் கொதிக்கும்.

பலரும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று: ஒரு தட்டு உடைந்தால் அதே தட்டு மறுபடி கிடைக்குமா? டென்மார்க்கின் ராயல் கோபன்ஹேகன் நிறுவனத்தின் நீல வரித் தட்டுகள் 1775இலிருந்து தொடர்கின்றன. இன்றும் கையால்தான் தீட்டுகிறார்கள், விலையும் அப்படி. அமெரிக்காவின் ஃபியஸ்டா தட்டு வரிசை 1936இல் வேறு வழி கண்டது. ஒற்றை ஒற்றையாக வாங்கி, நிறம் மாற்றி அடுக்கிக்கொள்ளலாம். அங்கே செட் கலைவது என்ற பேச்சே இல்லை. அதன் பழைய சிவப்புத் தட்டுகளின் கிளேஸில் யுரேனியம் உண்டு. கிடைத்தால் அலமாரியில் வையுங்கள், அதில் சாப்பிட வேண்டாம்.

என் ஓட்டு, தங்க விளிம்பில்லாத வெள்ளை போன் சைனாத் தட்டுகளும் ஸ்டோன்வேர் கிண்ணங்களும். தங்கக் கோடு மைக்ரோவேவில் பொறி பறக்கவிடும், டிஷ்வாஷரில் மெல்ல மெல்லக் கரையும்.