எட்டு சதவீதம் எங்கே போகிறது?

மூன்று தலைமுறைகளாக எங்கள் குடும்பம் ஒரே கட்சிக்குத்தான் வாக்களித்துவந்தது. இருபது ஆண்டுகள் தன் கையால் பசை தடவிச் சுவரொட்டி ஒட்டிய என் சித்தப்பாவை ஒரு தெருமுனைக் கூட்டத்தில் பின்வரிசை நாற்காலிக்கு அனுப்பிவிட்டு, முந்தைய வாரம்தான் கட்சி மாறிவந்த ஒப்பந்ததாரருக்கு மேடையில் சால்வை போர்த்தினார்கள். அது எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை. 1967 முதல் 2021 வரை தமிழ்நாட்டில் ஆட்சியைக் கைமாற்றிக்கொண்ட இரண்டு கழகங்களில் எதிலும் இது நடந்திருக்கும். அன்றிலிருந்து மூன்றாவது கட்சிகளைக் கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். 2024-இல் பிறந்த தமிழக வெற்றிக் கழகத்தை அதில் சேர்க்கவில்லை. சில தேர்தல்களையாவது கடந்து, தன் போக்கைக் காட்டிவிட்ட கட்சிகளையே எடுத்துக்கொண்டேன்.

அவற்றில் அதிகம் பாடம் சொல்வது தேமுதிகதான். 2005-இல் மதுரையில் தொடங்கிய விஜயகாந்த், அடுத்த ஆண்டே 232 தொகுதிகளில் தனித்து நின்று 8.38 சதவீத வாக்குகளைப் பெற்றார். கிடைத்தது விருத்தாசலம் ஒன்றுதான். 2009 மக்களவைத் தேர்தலில் வாக்கு பத்து சதவீதத்தைத் தாண்டியும் ஓரிடம்கூட இல்லை. 2011-இல் அதிமுகவோடு சேர்ந்து 41 இடங்களில் மட்டும் நின்றபோது வாக்கு 7.88 சதவீதமாக இறங்கியது, இடங்களோ 29 ஆயின. எதிர்க்கட்சித் தலைவர் பதவியும் வந்தது. அதிக வாக்குக்குப் பூஜ்யமும் குறைந்த வாக்குக்கு 29 இடங்களும் தரும் இந்த முறையில், தனித்து நிற்பவரின் ஆதரவு மாநிலமெங்கும் தூவிய விதைபோல எந்தத் தொகுதியிலும் முளைக்காமல் போகிறது. ஆனால் அந்த 29 இடங்களுக்குக் கொடுத்த விலை பெரிது. கூட்டணி ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 2012 பிப்ரவரியில் சட்டமன்றத்திலேயே மோதல் வெடித்தது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராகத் 'தொகுதி வளர்ச்சிக்காக' முதலமைச்சரைச் சந்திக்கத் தொடங்கினார்கள். 2016-இல் மக்கள் நலக் கூட்டணியின் முதலமைச்சர் வேட்பாளராக நின்றவர் உளுந்தூர்பேட்டையில் வைப்புத்தொகையையே இழந்தார். கழகங்கள் இரண்டையும் வெறுத்து தேமுதிகவின் முரசுக்குப் போட்ட வாக்கு, ஐந்தே ஆண்டுகளில் அவற்றில் ஒன்றுக்கு ஏணியாகியிருந்தது.

நாம் தமிழர் கட்சி அதற்கு நேர் எதிரான வழியைப் பிடித்துக்கொண்டது. கூட்டணியே இல்லை என்பதை ஒரு விரதம்போலக் காத்து, 2016-இல் நோட்டாவைவிடக் குறைவாக 1.07 சதவீதத்தில் தொடங்கி, 2021-இல் ஆறரை சதவீதத்தையும் 2024-இல் எட்டு சதவீதத்தையும் கடந்தது. 2024-இல் கரும்பு விவசாயி சின்னம் கைவிட்டுப் போய், தேர்தல் நெருக்கத்தில் கிடைத்த ஒலிவாங்கியை வீடு வீடாக அறிமுகப்படுத்த வேண்டியிருந்தும் வாக்கு ஏறியது. 2021-இல் 234 வேட்பாளர்களில் 117 பேரைப் பெண்களாக நிறுத்தியதைப் பெரிய கட்சிகள் எதுவும் செய்ததில்லை. இருந்தும் அவ்விரு தேர்தல்களிலும் ஓரிடமும் வரவில்லை. கட்சி முழுவதும் சீமானின் பேச்சைச் சுற்றியே இயங்குவதும், அவரோடு முரண்பட்டு வெளியேறியவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போவதும் எனக்கு நெருடலாக இருக்கின்றன. கொள்கைக்காக வாக்களிப்பவருக்கு இது நேர்மையான இடம்; தன் ஊர்க் குடிநீர்க் குழாய்க்கு யாராவது சட்டமன்றத்தில் பேச வேண்டும் என்பவருக்கு அல்ல.

மக்கள் நீதி மய்யத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நகரங்களில் மட்டும் வேர்விட்ட அந்தக் கட்சியின் நிறுவனர் 2021-இல் கோவை தெற்கில் 1,728 வாக்குகளில் தோற்றார். 2024-இல் கட்சி போட்டியிடாமல் திமுகவை ஆதரித்தது, 2025-இல் அவர் அதன் துணையோடு மாநிலங்களவைக்குச் சென்றார்.

மதிமுகவின் கதைதான் வலிப்பது. 1993-இல் திமுகவிலிருந்து நீக்கப்பட்டு, வாரிசு அரசியலுக்கு எதிரான குரலாகப் பார்க்கப்பட்ட வைகோவின் பின்னால் எத்தனையோ தொண்டர்கள் வந்தார்கள். 2021-இல் அவருடைய வேட்பாளர்கள் ஆறு பேர் உதயசூரியனிலேயே நின்றார்கள், நான்கு பேர் வென்றார்கள். 2024-இல் திருச்சியில் தீப்பெட்டிச் சின்னத்தில் நின்று மக்களவைக்குச் சென்றவர் அவருடைய மகன்.

ஆகவே இப்போது நான் சதவீதத்தைப் பார்ப்பதில்லை, பூத் ஏஜென்டைப் பார்க்கிறேன். 2021 ஏப்ரல் 6 அன்று எங்கள் வாக்குச்சாவடியில் மதியத்துக்குள் சிறிய கட்சிகளின் முகவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், ஒருவனைத் தவிர. வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சோற்றை வெளியே வேப்பமரத்தடியில் அவசரமாக முடித்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்த அந்த இளைஞன், இரவு ஏழு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்து இயந்திரத்துக்கு முத்திரை வைக்கும்வரை இருந்து, பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி, சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்துக்கொண்டான். அவனுடைய கட்சி எங்கள் தொகுதியில் வைப்புத்தொகையை இழந்தது. மறுவாரம் ரேஷன் கடைக்கு எதிரே மூடாமல் கிடந்த சாக்கடைக்காக நகராட்சியில் மனு கொடுத்தவனும் அவன்தான்.