அறுபது கட்டையும் ஒரு மஞ்சள் முக்கோணியும்

முதலே சொல்லுறன், மகளுக்கு இந்த விளையாட்டுக் கட்டைப் பெட்டிய வாங்கினதுக்கு அம்மாட்ட நல்லா ஏச்சு வாங்கினனான். "உனக்கென்ன விசரே பிள்ளை, எண்ணப் பழக்கப் புளியங்கொட்டை காணாதே, உன்னை என்ன கட்டை வாங்கித் தந்தே வளத்தனாங்கள்" எண்டு. 4850 ரூபா, கூரியருக்கு 450 வேற, ஒன்லைன் கடை ஒண்டில ஓடர் பண்ணி வட்டக்கச்சிக்கு வந்து சேர நாலு நாள். கூரியர் தம்பி வழமை போல வீட்ட வராமல் சந்தியில நிண்டு போன் அடிச்சவர், அது வேற கதை.

உள்ளுக்க இருக்கிறது 60 பிளாஸ்ரிக் கட்டை. வட்டம், சதுரம், செவ்வகம், முக்கோணி, அறுகோணி எண்டு 5 வடிவம், சிவப்பு மஞ்சள் நீலம் எண்டு 3 நிறம், பிறகு பெரிசு சின்னன், தடிப்பு மெல்லிசு. 5ஐ 3ஆல பெருக்கி ரெண்டால பெருக்கி திரும்பவும் ரெண்டால பெருக்கினா 60, அதாவது ஒவ்வொண்டும் ஒண்டே ஒண்டுதான், பெட்டிக்குள்ள ஒரே மாதிரி ரெண்டு இருக்கக் கூடாது. இதை ஞாபகம் வச்சிருங்கோ. ஹங்கேரியில பிறந்த சோல்தான் டீன்ஸ் எண்ட கணித அறிஞர்தான் இந்த மாதிரிக் கட்டையளை வகுப்பறைக்குள்ள பரவலாக் கொண்டு வந்தவர், அவற்ற செற்றில அறுகோணி இல்லை, 48 தான்.

மகளுக்கு நாலரை வயசு, நேசறி போறா, 20 வரைக்கும் பாட்டு மாதிரி எண்ணுவா. நானும் பெருமையாத்தான் இருந்தனான். ஒருநாள் ஏழு புளியங்கொட்டைய நெருக்கி ஒரு வரிசை, இன்னொரு ஏழை அகட்டி ஒரு வரிசை வச்சு எதில கூட எண்டு கேட்டா, அகட்டி வச்சதைக் காட்டுறா. எண்ணச் சொன்னன், ரெண்டிலயும் ஏழு எண்டு சரியா எண்ணிப்போட்டு திரும்பவும் அதையே காட்டுறா! இது பிழையில்லை, அந்த வயசில அப்படித்தான் எண்டு, பிள்ளையள் யோசிக்கிற விதத்தை ஆராய்ஞ்ச உளவியலாளர் பியாஜே எப்பவோ சொல்லிப்போட்டார். ஆனா வாயால எண்ணுறது வேற, கண்ணால பாத்து விளங்குறது வேற எண்டு எனக்கு அண்டைக்குத்தான் உறைச்சது.

பெட்டியோட வந்த புத்தகத்தை தூக்கி அலமாரிக்கு மேல வச்சிட்டன். தமிழ் ஒரு வரி இல்லை, படமெல்லாம் ஸ்ரோபரியும் பனிமனிசனும், வன்னி வெயிலுக்க பனிமனிசனை எண்ணச் சொன்னா பிள்ளை என்னைப் பாக்குது. அதில இருக்கிற கேள்வியளும் "இது என்ன நிறம், இது என்ன வடிவம்" எண்டு சோதனை வைக்கிற மாதிரி, ரெண்டு நாளில பிள்ளை எழும்பி ஓடிட்டா.

பிறகு ஒண்டும் கேக்காமல் நான் விளையாடத் தொடங்கினன். ஒரு கட்டைய வச்சிட்டு பக்கத்தில இன்னொண்டு, ஆனா ஒரே ஒரு விசயம் மட்டும்தான் வித்தியாசமா இருக்கலாம். பெரிய தடிச்ச சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்தில பெரிய தடிச்ச நீல வட்டம் வரலாம், சின்ன நீல வட்டம் வர ஏலாது, அது ரெண்டு வித்தியாசம். இவ அதுக்கு யாழ்தேவி ரயில் எண்டு பேர் வச்சிட்டா, பெட்டி பெட்டியாக் கொழுவுறதாம். முதல்ல நாலு பெட்டிக்கு மேல போகாது, இப்ப விறாந்தை முட்ட யாழ்தேவி நிக்குது, காலுக்க மிதிபட்டா உயிர் போகும். இன்னொண்டு, ஒரு துணிப்பைக்குள்ள போட்டிட்டு கைய விட்டுத் தடவி என்ன கட்டை எண்டு சொல்லுறது. தடிப்பு மெல்லிசு கைக்குத்தான் வடிவாத் தெரியும், நிறத்தைத் தடவிப் பாக்க ஏலாதெண்டு தானாக் கண்டுபிடிச்சு ஒரே சிரிப்பு.

அம்மா சொன்ன புளியங்கொட்டையும் பிழையில்லை, எண்ணுறதுக்கு அது நல்லம், மஞ்சாடியும் நல்லம், காசுமில்லை. ஆனா ரெண்டு புளியங்கொட்டைய எடுத்தா அளவு, வளைவு, நிறம் எல்லாம் ஒண்டாச் சேந்து மாறி இருக்கும், எதைப் பாக்கிறதெண்டு பிள்ளைக்குத் தெரியாது. இந்தக் கட்டையில ஒவ்வொண்டாப் பிரிச்சுப் பாக்கலாம், காசு குடுத்தது அதுக்குத்தான். போன கிழமை காலபோகத்துக்கு உழுதுகொண்டு நிண்ட வயலைத் தாண்டி வரேக்க, மோட்டச்சைக்கிளில முன்னுக்கு இருந்துகொண்டு "அம்மா, அந்தக் கொக்குக்குச் சொண்டு மஞ்சள், மற்றதுக்குக் கறுப்பு" எண்டுறா. முப்பத்தி மூண்டு வருசமா எனக்கு ரெண்டும் வெள்ளைக் கொக்கு. வந்து தேடிப் பாத்தா ஒண்டு உண்ணிக்கொக்கு, மற்றது சின்னக்கொக்காம்.

குறை எண்டு பாத்தா, மெல்லிசுக் கட்டையள் சீமெந்து நிலத்தில வழுக்குது, பாய் விரிக்கோணும். கடதாசிப் பெட்டி முதல் கிழமையே கிழிஞ்சிட்டு, இப்ப எல்லாம் பால்மாப் பேணிக்குள்ள. பெரிய குறை இனித்தான். வந்த அண்டைக்கே நான் எண்ணிப் பாத்தனான், 60, சரி எண்டு விட்டிட்டன். மூண்டாவது கிழமை இவ தடிப்பையும் மெல்லிசையும் சோடி சோடியா அடுக்கிக்கொண்டு இருந்திட்டு வந்து சொல்லுறா, சின்ன மஞ்சள் முக்கோணி ரெண்டும் மெல்லிசு, "குண்டனைக் காணேல்லை" எண்டு. போய்ப் பாத்தா உண்மை! தடிச்சதுக்குப் பதிலா மெல்லிசில ரெண்டைப் போட்டு 60ஐ நிரப்பியிருக்கினம்.

கடைக்கு வட்ஸ்அப்பில சொன்னா, "எண்ணிப் பாருங்க, 60 இருக்கும்" எண்டு பதில். படம் எடுத்து அனுப்பி, திரும்ப எழுதி, ஒம்பது நாளுக்குப் பிறகு ஒரு என்வலப்பில தடிச்ச மஞ்சள் முக்கோணி வந்தது, காசு எடுக்கேல்லை, அதைச் சொல்லத்தான் வேணும். ஆனா அது கொஞ்சம் வெளிறின மஞ்சள். எனக்கு வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தாத்தான் தெரியுது, இவ என்வலப்பைப் பிரிச்ச உடனேயே "இது வேற மஞ்சள்" எண்டு தள்ளி வச்சிட்டா. மெல்லிசு மஞ்சள் முக்கோணிக்குப் பக்கத்தில வைக்க விடுறாயில்லை, ரெண்டு வித்தியாசமாம். யாழ்தேவி ஓடேக்க அது கடைசியில தனியாக் கிடக்கும், ஸ்ரேசன் எண்டு.