ஜீப் ரேங்லருக்கு எந்த டிஃப் கவர்: தகடா, அலுமினியமா, வார்ப்பிரும்பா?

கலிஃபோர்னியாவின் ரூபிகன் தடம் போன்ற கருங்கல் பாதைகளில் ஜீப் ரேங்லரின் ஜேகே தலைமுறை வண்டியை ஓட்டும்போது, முதலில் கல்லில் மோதும் பாகங்களுள் ஒன்று அச்சின் (ஆக்ஸில்) நடுவில் உருண்டு நிற்கும் டிஃபரன்ஷியல், அதாவது இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி. சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும் அச்சின் உயரம் மாறாது. பெரிய டயர் போட்டால்தான் சற்று உயரும். ஆகவே டிஃபரன்ஷியலின் வாயை மூடும் கவரின் (டிஃப் கவர்) தரம் இங்கே மிக முக்கியமானது.

வண்டியுடன் வரும் கவர், அழுத்து இயந்திரத்தில் வடிவமைத்த மெல்லிய எஃகுத் தகடு. தார்ச்சாலைக்கு அது தாராளமாகப் போதும். பாறையிலோ, நடுவில் அடி விழுந்தால் உள்ளே நசுங்கி, டிஃபரன்ஷியலுக்குள் சுழலும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலில் உரசும். அதைவிட அடிக்கடி நேர்வது, கீழ் விளிம்பு கல்முனையில் மாட்டி உரிந்து, அந்த இடைவெளி வழியே கியர் ஆயில் ஒழுகுவது. வெளியே துருத்தி நிற்கும் போல்ட் தலைகளும் தேய்ந்து, ஸ்பேனர் பிடிக்காமல் போகும். மேலே மாட்டும் வளையக் காப்பு விளிம்பையும் போல்ட்டுகளையும் மட்டுமே காக்கும். நடுப்பகுதி பழைய தகடாகவே இருக்கும்.

அலுமினிய வார்ப்புக் கவர் எடை குறைந்தது, வெப்பத்தை நன்றாகக் கடத்துவது. நெடுந்தூரம் டிரெய்லர் இழுப்பவருக்கு அதன் துடுப்புகள் உதவலாம். ஆனால் நடை வேகத்தில் பாறை ஏறும் வண்டிக்குக் காற்றோட்டம் ஏது? பலத்த அடி விழுந்தால் வளைந்து கொடுப்பதைவிட விரிசல் விடும் இயல்புடையது என்பதால், இதைக் கவசமாக நான் கருதுவதில்லை.

6 முதல் 10 மி.மீ. வரையிலான தகடுகளை வெட்டி வெல்டு செய்த கவர்கள் அடியை நன்றாகவே தாங்கும். ஆனால் வெல்டிங் சூட்டில், அச்சோடு பொருந்தும் முகம் கோணிவிடக்கூடும். வெல்டிங்குக்குப் பின் அதைக் கடைந்து சமப்படுத்தியிருக்கிறார்களா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். இன்னொரு சிக்கல், பலவற்றின் முதுகு தட்டையாக இருப்பது. கிரவுன் வீல் வாரி இறைக்கும் ஆயில் வளைந்த கவரில் வழுக்கி ஓடும். வேகமாக ஓடும்போது தட்டையான சுவரில் மோதினால் சிதறி நுரைக்கும். இதைச் சோதனைக் காணொளிகளில் வலியுறுத்திய அமெரிக்க வாகனப் பாகத் தயாரிப்பாளர் கேல் பேங்க்ஸ் தாமே கவர் விற்பவர் என்றாலும், அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஏனெனில் பாறை ஏறும் வண்டியும் தடத்துக்கு நெடுஞ்சாலை வழியாகத்தான் போகிறது.

என் தேர்வு நாடுலர் வார்ப்பிரும்பு. இதில் கிராஃபைட் சிறு உருண்டைகளாக இருப்பதால், சாதாரண வார்ப்பிரும்பைப் போலச் சட்டென்று உடையாது. ஏஆர்பி, ஸ்பைசர் நிறுவனங்கள் இவ்வகைக் கவர்களை விற்கின்றன. போல்ட் தலைகள் குழிக்குள் அமரும்படியும் கீழ் விளிம்பு கல்லில் மாட்டாமல் சரியும்படியும் உள்ள வார்ப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது. எடை கூடும், பெயிண்ட் உரசிய இடத்தில் துரு ஏறும். இரண்டும் பொறுத்துக்கொள்ளக் கூடியவையே.

ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் முன்னச்சுக்கு வாங்குங்கள். அதன் கவர் முன்னோக்கி இருப்பதால் கல்லை நேராகச் சந்திக்கிறது. ஜேகேவுக்குப் பின் வந்த ஜேஎல் மாடலின் அச்சையும் டானா 44 என்ற அதே அச்சு வகைப் பெயரால் அழைத்தாலும், ஜேகே கவர் அதற்குப் பொருந்தாது. தடித்த கவர் பொருத்தியபின், ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பியும் சஸ்பென்ஷனை முழுதாக அமுக்கியும், டை ராடும் (ஸ்டியரிங் இணைப்புக் கம்பி) டிராக் பாரும் (அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) கவரில் இடிக்கவில்லை என்பதை உறுதிசெய்த பிறகே தடத்தில் இறக்க வேண்டும்.