எட்டாம் வகுப்புப் பரிசு: கல்லூரி விண்ணப்பத்தில் போடுவதா, விடுவதா?

பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பப் படிவத்தில் செயல்பாடுகளுக்கு 10 இடம், விருதுகளுக்கு 5. எந்த வகுப்பில் என்று குறிக்கும் கட்டங்களே 9-இல்தான் தொடங்குகின்றன. எட்டாம் வகுப்புப் பரிசை 9 என்று குறித்து நுழைப்பது பொய்த் தகவல். விவரங்கள் உண்மை என்று உறுதிமொழி கொடுத்துத்தான் படிவத்தை அனுப்புகிறோம்.

விடுவது: பெரும்பாலோருக்கு இதுவே சரி. பள்ளி அளவிலான ஓவியப் பரிசும் ஆறாம் வகுப்புச் சான்றிதழும், பிறகு சொல்ல எதுவுமில்லையோ என்ற சந்தேகத்தைத்தான் கிளப்பும். பெற்றோருக்குத்தான் மனசு வராது.

போடுவது: மூன்று நிலைகளில் பொருந்தும். ஐந்தாம் வகுப்பில் தொடங்கிய வயலின் இன்றும் தொடர்ந்தால், 9 முதல் 12 வரை குறித்துவிட்டு, விளக்கத்தில் ‘5-ஆம் வகுப்பிலிருந்து’ என்று சேர்க்கலாம். இடைவெளியும் சேர்த்து 150 எழுத்துகளே இடம் என்பதால் அதற்கு மேல் நீட்ட வேண்டாம். அடுத்தது தேசிய அளவுச் சாதனை. அமெரிக்காவின் தேசிய ஆங்கில எழுத்துக்கூட்டல் போட்டியான ஸ்கிரிப்ஸ் ஸ்பெல்லிங் பீயில் கலந்துகொள்ளும் வாய்ப்பு எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். இறுதிச் சுற்றுவரை போனவர் அதைக் கூடுதல் தகவல் பகுதியில் ஓரிரு வரியில் சொல்லலாம். கட்டுரையில் எழுதினால், அந்தப் பழக்கம் இன்று எங்கே கொண்டுவந்திருக்கிறது என்பதற்கே அதிக வரிகள் போகட்டும்.

மூன்றாவது, பாடங்கள். கலிபோர்னியா பல்கலைக்கழக விண்ணப்பம் 7, 8-ஆம் வகுப்புகளில் முடித்த உயர்நிலைப் பள்ளி அளவிலான கணிதம், அயல்மொழிப் பாடங்களைக் கேட்கிறது. அப்படி முடித்த அல்ஜீப்ரா 1 (இயற்கணிதம்) பாடத்தை விட்டுவிட்டால் கணித ஆண்டுக் கணக்கு குறைந்து தெரியும்.