10 அடி வாசலுக்கு மேலே செங்கல்: சில மாரிகளுக்குப் பிறகு

பரந்தனில் உள்ள எங்கள் கடையின் சட்டர் வாசல் 10 அடி அகலம். உள்ளே சீமெந்துக் கல் சுவர், வெளியே அழகுக்குச் செங்கல் முகப்பு. உள்சுவரை வாசலுக்கு மேலே குறுக்கே போகும் கொங்கிறீட் உத்திரம் (லிண்டல்) தாங்கும். அதற்கு முன்னால் தனியாக நிற்கும் செங்கலைத் தாங்கத்தான் எல் வடிவ இரும்பு ஆங்கிள் போட்டோம்.

ஆங்கிள் 6 அங்குலத்துக்கு 4 அங்குலம். 6 அங்குலப் பக்கம் நிமிர்ந்து நிற்கிறது, மற்றதில் கல் இருக்கிறது. மாற்றிப் படுக்க வைத்தால் அதே இரும்பு நன்றாகத் தொய்யும். இரு பக்கமும் சுவரில் 4 அங்குலம் ஏறினால் போதும் என்றார் மேசன். சின்ன வாசலுக்குச் சரி, இதற்கு 8 அங்குலம் ஏற்றச் சொன்னேன். பாரம் முழுக்க அந்த இரண்டு நுனியில்தானே இறங்குகிறது! தொய்வு நீளத்தில் 600இல் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, 10 அடிக்கு அது 5 மில்லிமீற்றர். நூல் பிடித்துப் பார்த்தேன், இன்னும் அதற்குள்தான். சாந்து இறுகும்வரை கீழே முட்டுக் கொடுத்திருந்ததும் காரணம்.

பாரத்தைவிட எனக்குத் தண்ணீர்தான் பயம். கார்த்திகையில் வாடையோடு அடிக்கும் மழை செங்கலில் ஊறி உள்ளே இறங்கும். அதனால் ஆங்கிளுக்கு மேலே ஈரம் தடுக்கும் தாளை விரித்து, அடிவரிசையில் 2 அடிக்கு ஒன்றாக நிமிர்ந்த சாந்து இடைவெளியைத் திறந்து விட்டோம். பெருமழைக்கு மறுநாளும் அந்தத் துளைகளில் சொட்டும். பக்கத்துக் கடையில் பூச்சி புகும் என்று துளைகளைப் பூசிவிட்டார்கள், ஆங்கிளுக்கும் சிவப்பு ஒக்சைட் பெயின்ற் மட்டும்தான். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். இப்போது அங்கே நுனிப் பக்கம் கல்வரிசை தூக்கி, சாந்தில் கிடையாக நகம் நுழைகிற அளவு வெடிப்பு. எங்களுடையது கல்வனைஸ், அதாவது நாகம் பூசிய இரும்பு. விலை கூடத்தான், ஆனால் மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

குறை என்றால் குளவி. கோடையில் துளைக்குள் மண்கூடு கட்டிவிடும், மாரிக்கு முன் ஈர்க்கால் குத்தி எடுக்க வேண்டும்.

கட்டப் போகிறவர்களுக்கு: சட்டர் உருளையை ஆங்கிளில் பொருத்த விடாதீர்கள், உள் கொங்கிறீட்டில் பொருத்தச் சொல்லுங்கள். வாசல் இதைவிட அகலம் என்றால் ஆங்கிளையே அந்தக் கொங்கிறீட்டில் போல்ட் போட்டு இறுக்குவது நல்லது. அதற்கு ஒரு பொறியியலாளர் கணக்குப் பார்க்கட்டும்.